செக்கோவ் அன்றைக்கு எங்கே இருந்தான்? சனிக்கிழமைக்குள் ஒரு ஒட்டு வேண்டும்

வாயனசாலை_சனி | கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னப் பிள்ளையிடம் வசமாக மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்.

எங்கள் வாயனசாலை, அதாவது நூலக மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். திரை என்பது எட்டு முழ வேட்டிதான். கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் வேட்டி உப்பும். விண்கலம் தானாகவே குலுங்கும். ஆங்கில வசனத்தை நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். மலையாளம் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பிள்ளை குசுகுசுவென்று சொல்லிவிடும்.

போன வாரம் பழைய ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘ஸ்பேஸ் சீட்’. இரண்டு நூற்றாண்டு உறக்கத்தில் கிடந்த கான் எழுந்து கப்பலைப் பிடிக்கிறானே, அந்த எபிசோடு. நேற்று அதன் தொடர்ச்சி, 1982இல் வந்த ‘ராத் ஆஃப் கான்’ படம். மணல் புயலுக்கு நடுவில் கான் முகத்திரையைக் கழற்றுகிறான். விண்கல அதிகாரி செக்கோவை உற்றுப் பார்த்து, ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டேன், நீ செக்கோவ்தானே என்கிறான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“சார், போன வாரக் கதையில இவர் இல்லவே இல்லையே. அப்புறம் எப்படித் தெரியும்?”

படத்தை நிறுத்தினேன். இருபது முகம் என்னைப் பார்க்கிறது. அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்த நடிகர் இரண்டாவது சீசனில்தான் சேர்ந்தார், படம் எடுத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். அது அவளுக்கே தெரிந்துவிட்டது. கதைக்கு உள்ளே இருந்து ஒரு பதில் வேண்டும்.

---

கணவாய்க்காற்று | வாளையார் | ஞாயிறு இரவு 9.48

இது ரொம்பப் பழைய ஓட்டை சார், பழைய ஒட்டும் இருக்கிறது. ‘ஸ்பேஸ் சீட்’ ஒளிபரப்பானது 1967 பிப்ரவரி. செக்கோவ் திரையில் வந்தது அந்த வருடம் செப்டம்பரில். ஆனால் எந்த நாள் ஒளிபரப்பினார்கள் என்பது நமக்குத்தான் கணக்கு, கப்பலில் இருப்பவனுக்கு இல்லை. அவனுக்கு ஸ்டார்டேட்தான் நாள்காட்டி. ‘ஸ்பேஸ் சீட்’ ஸ்டார்டேட் 3141.9. இரண்டாவது சீசனில் செக்கோவ் இருக்கிற ‘கேட்ஸ்பா’ எபிசோடு 3018.2. ஆக, கான் வருவதற்கு முன்பே செக்கோவ் கப்பலில் ஏறிவிட்டான்.

பிள்ளைக்கு இதைப் பலகையில் இரண்டு எண்ணாக எழுதிக் காட்டுங்கள். முடிந்தது கதை.

---

நகரி_தறி | நகரி | ஞாயிறு இரவு 11.30

முடியவில்லை தம்பி. ஸ்டார்டேட்டை நம்பி ஊருக்குப் போக முடியாது. அந்தத் தொடரில் முதலில் வந்த எபிசோடுக்குப் பெரிய எண்ணும் பிறகு வந்ததற்குச் சின்ன எண்ணுமாகப் பல இடத்தில் இருக்கும். ஏன் இப்படி என்று ரசிகர்கள் அன்றைக்கே கடிதம் எழுதிக் கேட்டார்கள். கப்பலின் வேகம், அது விண்மீன் மண்டலத்தில் இருக்கிற இடம், எல்லாவற்றையும் பொறுத்து ஸ்டார்டேட் மாறும் என்று தொடரை உருவாக்கிய ராடன்பெர்ரி தரப்பில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதுவே ஒரு ஒட்டு. ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு போட்டால் உள்ளே காற்று நிற்காது.

நான் சொல்வது இன்னும் எளிது. அவர்களின் என்டர்பிரைஸ் கப்பலில் 430 பேர். கேமரா கப்பலை ஓட்டுகிற மேல்தளத்தை, அதுவும் பகல் ஷிப்டை மட்டும்தான் காட்டுகிறது. நான் இங்கே விசைத்தறியில் பத்து வருடம் இரவு ஷிப்டு ஓட்டினேன். என் தறியைப் பகலில் ஓட்டினவரின் முகத்தை முதல் இரண்டு வருடம் நான் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் மனுஷன் எப்படிப்பட்டவர் என்று தெரியும். அறுந்த இழையை அவர் முடிகிற முடிச்சு எனக்கு நேர் எதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும், இடது கைக்காரர். மூங்கில் தட்டியில் பீடிக் கட்டு சொருகி வைத்திருப்பார். ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் நின்ற ஆள் இடது கையால் கிளாஸை எடுத்ததும் “நாலாம் நம்பர் தறிதானே?” என்று கேட்டேன். அவர் அசந்துபோனார்.

செக்கோவ் இரவு ஷிப்டு. அவ்வளவுதான்.

---

குமுளி_மூடுபனி | குமுளி | திங்கள் காலை 6.15

தறி அண்ணன் கதை அருமை. கூடவே ஒன்று: ‘ஸ்பேஸ் சீட்’டில் சுலுவும் இல்லை! ஓட்டுநர் இருக்கையில் வேறு ஆள். ஆனால் சுலு எங்கே போனார் என்று யாருமே கேட்பதில்லை, ஏனென்றால் கான் அவரை அடையாளம் சொல்லவில்லை. மேல்தளத்தில் ஒருவரைக் காணோம் என்றால் அவர் கப்பலிலேயே இல்லை என்று ஆகாது. இதை வைத்துப் பிள்ளையை மடக்கலாம்.

எனக்குப் பிடித்த ஒட்டு வேறு. மருத்துவ அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கான் கப்பலின் தொழில்நுட்பக் குறிப்புகளைப் படிக்கக் கேட்கிறான். கேப்டன் கிர்க்கும் பெரிய மனதோடு அனுமதிக்கிறார் (எந்த ஊரில் விருந்தாளிக்கு பீரோ சாவியைக் கொடுப்பார்கள்?). அத்தனையையும் விழுங்கியவன் பணியாளர் பட்டியலை விட்டிருப்பானா? படத்தோடு பார்த்திருப்பான்.

---

களியக்காவிளை_அக்கரை | களியக்காவிளை | திங்கள் காலை 8.02

மக்கா, இத்தனை பாடு எதற்கு? செக்கோவாக நடித்த வால்டர் கேனிக்கே பதில் சொல்லிவிட்டாரே. அன்றைக்கு செக்கோவ் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தானாம், கான் வெளியே ரொம்ப நேரம் அவசரத்தோடு காத்து நின்றானாம், கதவு திறந்து இவன் வெளியே வந்தபோது பார்த்த முகத்தை அவன் ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டானாம். ரசிகர் கூட்டங்களில் அவர் சொல்கிற தமாஷ் இது.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வேட்டி கிழிகிற மாதிரி சிரிக்கும்.

---

வாயனசாலை_சனி | கொழிஞ்சாம்பாறை | திங்கள் இரவு 9.20

சிரிக்கும், சரி. ஆனால் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, “அது தமாஷ் சார், பதில் சொல்லுங்க” என்பாள். அவள் ரகம் எனக்குத் தெரியும்.

பட்டியலைப் படித்தான் என்பது பரவாயில்லை. ஆனால் அவன் சொல்வது முகத்தைப் பற்றி. காகிதத்தில் பார்த்த முகத்தைப் பார்க்கிற பார்வையா அது? என்னமோ இடிக்கிறது.

---

களியக்காவிளை_அக்கரை | களியக்காவிளை | திங்கள் இரவு 10.05

அப்படியென்றால் ஸ்டார் ட்ரெக்கில் வருகிற கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நெற்றிக்கு வருவோம், அதில்தான் ஒட்டுப் போடுகிறவர்களின் முழுச் சரித்திரமும் இருக்கிறது. இழை திசை மாறுகிறது என்று நெறியாளர் குச்சியைத் தூக்க வேண்டாம், செக்கோவுக்கே திரும்பி வருவேன்.

1967இல் கிளிங்கான்கள் வந்தபோது முகத்தில் கொஞ்சம் கருமை, ஒட்டு மீசை, அவ்வளவுதான். கையில் காசு இல்லை. 1979இல் முதல் படம் வந்தது, காசும் வந்தது, நெற்றியில் முதலை முதுகு மாதிரி வரம்பு வரம்பாக எலும்பும் வந்தது. ஏன் மாறியது என்று யாரும் மூச்சுவிடவில்லை. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டும் வேறு வேறு இனம் என்றார்கள். வடக்கத்திக் கிளிங்கான், தெற்கத்திக் கிளிங்கான் என்றுகூடப் பிரித்தார்கள்.

1994இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் அந்தப் பழைய மூன்று பேரையே, கோர், கோலோத், காங், அதே நடிகர்களை வைத்தே திரும்பக் கொண்டுவந்தார்கள். மூவருக்கும் நெற்றியில் எலும்பு. அதோடு இரண்டு இனக் கதை செத்தது. ஒரே ஆளுக்குத்தானே இரண்டு நெற்றி?

பிறகு 1996. முப்பதாம் ஆண்டு விழாவுக்காக அதே தொடரின் ஆட்களைப் பழைய 1967 எபிசோடு காட்சிகளுக்குள் நுழைத்து ஒரு எபிசோடு எடுத்தார்கள். பழைய வழவழ நெற்றிக் கிளிங்கான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் தங்களோடு வந்த எலும்பு நெற்றிக் கிளிங்கான் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மரபணு மாற்றமா என்கிறார் ஒருவர், வைரஸா என்கிறார் இன்னொருவர். வோர்ஃப் முகத்தை இறுக்கிக்கொண்டு, வெளியாட்களிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்கிறார்.

முப்பது வருட ஓட்டையை ஒரே வரியில் அடைத்தது இதுதான். நம் வீடுகளில் ஒரு மாமா பெயர் வந்தாலே பெரியவர்கள் “சோறு ஆறுது, சாப்பிடு” என்பார்களே, அதே குரல். ஒரு இனத்துக்கு மானக்கேடான ஒரு சரித்திரம் இருக்கிறது என்று அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

அதோடு விட்டிருக்கலாம். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் இரண்டு எபிசோடு செலவழித்து விளக்கினார்கள். மனிதர்களின் மரபணு மாற்றத்தைக் கிளிங்கான்கள் தங்களுக்கே செய்து பார்த்து, அது வைரஸாகப் பரவி, நெற்றி வழுக்கிவிட்டதாம். 1996இல் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஆமாம், ஆமாம் என்று பதில். கணக்கு சரியாக இருக்கிறது. எனக்கு வோர்ஃபின் மௌனம்தான் வேண்டும்.

---

கணவாய்க்காற்று | வாளையார் | திங்கள் இரவு 10.31

அண்ணே, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2005 கதை நல்ல கதை. மாற்றிய மரபணு எங்கிருந்து வந்தது? கானின் கூட்டாளிகளாக உருவாக்கப்பட்ட அதே வகை மனிதக் கருக்களிலிருந்து! ஒரு ஓட்டையை அடைக்க 1967இல் கிடந்த இன்னொரு கதையை எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. பேச மாட்டோம் என்பது ஒட்டா? பதில் தெரியாத வாத்தியார் ‘இது பரீட்சைக்கு வராது’ என்று சொல்கிற மாதிரி.

---

களியக்காவிளை_அக்கரை | களியக்காவிளை | திங்கள் இரவு 10.40

வாத்தியார் மேல் ஏன் போகிறீர்? நானே வாத்தியார்தான்.

---

முதலமடை_ஒட்டுமா | முதலமடை | செவ்வாய் காலை 5.50

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், தோட்டக்காரி, எழுத நேரம் இல்லை. ‘ஒட்டு’ என்று தலைப்பில் பார்த்ததால் வந்தேன்.

நீங்கள் எல்லாரும் பஞ்சர் ஒட்டைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஒட்டு என்றால் மாஞ்செடி ஒட்டு. வேர்ச்செடியை ஒரு வெட்டு, நடுவில் பிளவு. நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அந்தப் பிளவில் இறக்க வேண்டும். இரண்டும் ஒரே பருமன் வேண்டும். பருமன் கொஞ்சம் முன்னே பின்னே என்றால் ஒரு ஓரத்திலாவது பட்டையும் பட்டையும் நேராகச் சேர வேண்டும், நடுக்கட்டை சேர்ந்து பயனில்லை. பிளாஸ்டிக் நாடாவால் காற்றுப் புகாமல் கட்டுவோம். பிடித்ததா இல்லையா என்று கையால் ஆட்டிப் பார்க்கக் கூடாது, துளிர் வந்தால் தெரியும்.

ஸ்டார்டேட் எண்ணும் பணியாளர் பட்டியலும் ஓட்டையை அடைக்கின்றன. துளிர் எங்கே? அதை ஏற்றுக்கொண்ட பிறகு படத்தில் புதிதாக ஏதாவது தெரிய வேண்டாமா?

தண்ணீர் திறந்துவிடப் போகிறேன்.

---

குமுளி_மூடுபனி | குமுளி | செவ்வாய் காலை 7.30

அக்கா, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

---

நகரி_தறி | நகரி | செவ்வாய் மதியம் 2.10

ஆட்டிப் பார்க்கக் கூடாது என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்டார் ட்ரெக்கில் ஆளை இங்கே கரைத்து அங்கே சேர்க்கிற கருவி இருக்கிறதே, அதைப் பற்றி இயற்பியல் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு துகள் இருக்கிற இடத்தையும் அதன் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அளக்க முடியாது என்பது ஹைசன்பர்க் விதி. பிறகு எப்படி மனிதனை அணு அணுவாக அளந்து திரும்பக் கட்டுவது? தொடர்க்காரர்கள் கருவிக்குள் ‘ஹைசன்பர்க் காம்பன்சேட்டர்’ என்று ஒரு பாகத்தைச் சேர்த்துவிட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் தொழில்நுட்ப ஆலோசகர் மைக்கேல் ஒகுடா, “ரொம்ப நன்றாக வேலை செய்கிறது, நன்றி” என்றாராம்.

இதில் துளிரும் இல்லை, வேரும் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடிக்கும். உங்கள் கேள்வி காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டாரே, அது போதும்.

---

சோகநாசினி_பழசு | சித்தூர், பாலக்காடு | செவ்வாய் இரவு 8.45

தம்பிகள் அறுபது வருடக் கதைக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் இந்த வேலை எத்தனை நூற்றாண்டாக நடக்கிறது என்று சொல்லவா?

என் அம்மா ஊர் ஒற்றப்பாலம் பக்கம். பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம், நீள வெள்ளைத் துணி, அதன் பின்னால் வரிசையாக 21 விளக்கு. தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்குகள். மான்தோலில் ஊசி ஊசியாகத் துளையிட்ட பாவைகள், ஒளி அந்தத் துளை வழியாக வந்து நகையாகும். பாடுவது கம்பராமாயணம். கூட இருந்த மலையாளப் பையன்களுக்குப் பாட்டுப் பாதி புரியாது, எனக்குப் புரியும். அந்த வயதில் அது பெரிய கர்வம்.

முதலில், கூத்து ஏன் பகவதி முன்னால் நடக்கிறது? ராமனும் ராவணனும் சண்டை போட்ட அதே நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதனால் ராவண வதத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க ஆசைப்பட்டாள், சிவன் அவளுக்காகக் கூத்தாக நடத்திக் காட்டச் சொன்னார். எபிசோடைத் தவறவிட்ட அம்மனுக்கு மறு ஒளிபரப்பு! செக்கோவ் அன்றைக்கு எங்கே என்கிறீர்கள், காளி அன்றைக்கு எங்கே என்று எங்கள் ஊரில் எப்போதோ கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது, கூத்தில் கதை நகர்வதே குறைவு. ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஒரு புலவர், அதாவது பாவை ஆட்டுகிறவர், கேள்வி போடுவார். வாலியை மறைந்து நின்று அடித்தது எப்படி தர்மமாகும்? இன்னொருவர் பதில் சொல்வார். முதலாமவர் விடமாட்டார். எண்ணெய் ஊற்ற நடுவில் ஒருவர் எழுந்து போவார், வாதம் நிற்காது. விடியற்காலை மூன்று மணிக்கு நான் தூணில் சாய்ந்து கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே பார்வையாளர் யாருமே இல்லை. ஒரு நாய் மட்டும். அவர்கள் துணிக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் மடக்கிக்கொண்டிருப்பார்கள். அம்மன் கேட்கிறாள் என்ற நம்பிக்கை. அம்மன் கேட்காவிட்டாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கம்பனே ஒட்டுப் போட்டவன்தான். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். விரும்பாத பெண்ணைத் தொட்டால் அழிவு என்று அவனுக்குச் சாபம் இருக்கும்போது அது எப்படி? கம்பன் என்ன செய்தான்? பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தையே பெயர்த்துத் தூக்க வைத்தான். தோட்டக்கார அம்மா கேட்ட துளிர் இங்கே இருக்கிறது. அதன் பிறகு அசோகவனத்தில் ராவணன் கெஞ்சுகிற ஒவ்வொரு இடத்திலும், இத்தனை பலமும் வைத்துக்கொண்டு தொட முடியாமல் நிற்கிறவன் தெரிகிறான்.

---

கணவாய்க்காற்று | வாளையார் | செவ்வாய் இரவு 9.15

ஐயா, வணங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒட்டு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே ஆள் உண்டு. நச்சினார்க்கினியர். முல்லைப்பாட்டில் அங்கே இருக்கிற அடியை இங்கே கொண்டுவந்து, இங்கே இருப்பதை அங்கே மாட்டி, தன் பொருளுக்கு ஏற்ற மாதிரி பாட்டையே பிரித்துப் பூட்டினார். பாட்டின் போக்கையே குலைத்துவிட்டார் என்று மறைமலையடிகள் பிறகு வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். எபிசோடு வரிசையை மாற்றினால் ஓட்டை இல்லை என்கிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு நச்சினார்க்கினியர்தான் ஞாபகம்.

(ஆமாம், ஸ்டார்டேட்டை வைத்து நானே அதைத்தான் செய்தேன். தெரிகிறது.)

---

குமுளி_மூடுபனி | குமுளி | புதன் காலை 6.40

டாக்டர் ஹூ ரசிகர் யாரும் இன்னும் வரவில்லையா? நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பிரிட்டிஷ் தொடர், நாயகன் டாக்டர் சாகப்போகும்போது உடல் மாறி வேறு நடிகராக வருவார். 1976இல் போகிற போக்கில் ஒரு வசனம்: இந்த இனத்தார் 12 முறைதான் உடல் மாற முடியும். அன்றைக்கு நான்காவது டாக்டர்தான் ஓடிக்கொண்டிருந்தார், யாருக்குக் கவலை? தொடர் நிற்கவே இல்லை, எண்ணிக்கை நெருங்கிவிட்டது. 2013இல் எண்ணிப் பார்த்து, நடுவில் மறைத்து வைத்திருந்த ஒரு டாக்டரையும், 2008இல் முகம் மாறாமலே செலவான ஒரு மாற்றத்தையும் சேர்த்து, கணக்கு இப்போதே தீர்ந்துவிட்டது என்று தாங்களே அறிவித்து, புது ஆயுள் வாங்கிக் கொடுத்தார்கள். கடன்காரன் வருவதற்கு முன்னால் தானே போய் நின்ற மாதிரி.

இன்னொன்று வாயேஜர், இதுவும் ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர். 1995இல் கப்பலில் 38 டார்பிடோதான், தீர்ந்தால் வேறு கிடைக்காது என்று கேப்டன் சொல்கிறார். ரசிகர்கள் ஒவ்வொரு வெடியாக எண்ணினார்கள், 38ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் 1998இல் அதே கப்பலில் ஒரு புது விண்கலத்தையே, டெல்டா ஃபிளையர், சொந்தமாகக் கட்டுகிறார்கள். அதைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு டார்பிடோ செய்யவா தெரியாது? முதல் வருடம் தெரியவில்லை, பட்டறிவில் கற்றார்கள். இது எனக்குப் போதும்.

---

நெறியாளர் | புதன் காலை 10.00

செக்கோவுக்கு வாருங்கள். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. கிளிங்கான் நெற்றி பற்றிய சண்டைக்கு வேறு இழை திறந்திருக்கிறேன், அங்கே போய் மோதிக்கொள்ளலாம்.

---

நகரி_தறி | நகரி | வியாழன் இரவு 11.50

என் இரவு ஷிப்டுக் கதையிலேயே ஒரு பொத்தல் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். செக்கோவ் கப்பலில் இருந்தான், சரி. ஆனால் கானும் அவனும் நேருக்கு நேர் எப்போது சந்தித்தார்கள்? நான் இடது கை ஆளை டீக்கடையில் பார்த்தேன். கப்பலில் டீக்கடை எது?

---

வாயனசாலை_சனி | கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு மாலை 4.25

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

பலகையில் மூன்றையும் எழுதினேன்: ஸ்டார்டேட், பணியாளர் பட்டியல், இரவு ஷிப்டு. கழிப்பறைக் கதையை வாயால் சொன்னேன். களியக்காவிளை சார் சொன்ன மாதிரியே கூரை பறந்தது. ஒரு பையன் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தான்.

அவள் மட்டும் சிரித்து முடித்து, இரவு ஷிப்டுக்குக் கீழே விரலை வைத்தாள். “சார், கான் கப்பலைப் பிடிக்கிற இடத்தை மறுபடி போடுங்க.”

போட்டேன். உங்களுக்குத் தெரிந்த காட்சிதான். கான் எஞ்சின் பகுதியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போகிற காற்றை அடைக்கிறான். கதவும் திறக்காது. கிர்க்கும் மற்றவர்களும் இருந்த இடத்திலேயே மூச்சுத் திணறி ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள்.

“மேல இருந்தவங்க அப்படியே மயங்கிட்டாங்க. அவங்க யாரும் சண்டையே போடல. கீழ இருந்தவங்களத்தான சார் கான் ஆளுங்க நேரா பிடிச்சாங்க? செக்கோவ் மேல இல்லாததனாலதான் அவனுக்கு இவரைத் தெரியும்.”

நான் பேசாமல் நின்றேன். காற்றில் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாம் ஒரு வாரமாக, அந்த ஆள் மேல்தளத்தில் இல்லாததை எப்படி மன்னிப்பது என்று தேடிக்கொண்டிருந்தோம். அவள் அதையே எடுத்துக் காரணமாக வைத்துவிட்டாள். தறி அண்ணே, உங்கள் டீக்கடை எஞ்சின் அறைதான்.

அவள் அதோடு விடவில்லை. படத்தில் மணல் கிரகத்துக் கூடாரத்தில் செக்கோவ் ‘பாட்டனி பே’ என்ற கானின் பழைய கப்பல் பெயரைப் பார்க்கிற இடத்தையும் போடச் சொன்னாள். கூட வந்த கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை, நிதானமாக நிற்கிறார். செக்கோவ் பெயரைப் படித்த நொடியில் பதறுகிறான், அவரைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே ஓடச் சொல்கிறான். “கதை கேட்டவங்க இவ்வளவு பயப்பட மாட்டாங்க சார். அடி வாங்கினவங்கதான் பயப்படுவாங்க.”

இந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பதற்றத்தை நடிகர் கொஞ்சம் மிகையாகச் செய்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலமடை அக்கா, துளிர் வந்துவிட்டது.

---

முதலமடை_ஒட்டுமா | முதலமடை | ஞாயிறு மாலை 5.02

அந்தப் பிள்ளைக்கு ஒரு கூடை மாங்காய் அனுப்புகிறேன். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் கொழிஞ்சாம்பாறையில் எடுத்துக்கொள்வீர்களா?

---

களியக்காவிளை_அக்கரை | களியக்காவிளை | ஞாயிறு மாலை 5.20

தோற்றேன் மக்கா. ஆனால் கழிப்பறையும் கீழ்த்தளத்தில்தான் இருந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

கணவாய்க்காற்று | வாளையார் | ஞாயிறு மாலை 6.11

படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பெயரைப் படித்ததும் செக்கோவ் முதலில் வாசலைத்தான் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இல்லை, இது நானாகப் பார்ப்பதாகவும் இருக்கலாம்.

---

வாயனசாலை_சனி | கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு இரவு 9.00

அக்கா, மாங்காய் வரட்டும், கடைக்காரரிடம் சொல்லி வைக்கிறேன்.

இழையை மூட வேண்டாம் நெறியாளரே. படிக்கட்டு இறங்கும்போது அவள் திரும்பி நின்று இன்னொன்று கேட்டுவிட்டுப் போனாள். படத்தில் சீட்டி ஆல்ஃபா விண்மீனின் ஆறாவது கிரகம் வெடித்துப்போகிறது. அந்த அதிர்ச்சியில் ஐந்தாவது கிரகத்தின் பாதையும் மாறிவிடுகிறது. செக்கோவின் கப்பல் வந்து ஐந்தாவதை ஆறாவது என்று நினைத்து இறங்குகிறது. “ஒரு கிரகம் குறையுதுன்னு யாரும் எண்ணிப் பாக்கலையா சார்? நாங்க டூர் போனா பஸ்ஸுல மூணு தடவை எண்ணுவீங்களே?”

அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.